மெத்தைக்காரர் வீட்டுத் தூக்கம்

மெத்தைக்காரர் பெண்டாட்டிக்குத் தூக்கம் வரவில்லை என்ற சேதி வெளியே கசிந்ததும் தெருவெல்லாம் அதே பேச்சாகிவிட்டது. எதிர்க்கடை சைக்கிள்காரர், "ஊருக்கெல்லாம் பஞ்சு வச்சுத் தைக்கிறீங்க, வீட்டம்மாவுக்கு மட்டும் கல்லு வச்சுத் தைச்சுட்டீங்களா?" என்று கேட்டார். மெத்தைக்காரர் சிரித்துத்தான் வைத்தார். ஆனால் உள்ளுக்குள் சுருக்கென்றது.

வீட்டின் முன்பாதி கடை, பின்பாதி குடித்தனம். கடையில் ஒரு மூலையில் பஞ்சு அடிக்கிற மெஷின். நடுவே சிமெண்டுத் தரையில் உறையை விரித்து, அடித்த பஞ்சை அள்ளி அள்ளித் திணித்து, மூங்கில் கோலால் தட்டி மேடு பள்ளம் சமன் செய்வார். பிறகு முழ நீள ஊசியை மேலிருந்து குத்திக் கீழே வாங்கி, கீழிருந்து குத்தி மேலே வாங்கி முடிச்சுப் போடுவார். மூக்கில் துணி கட்டியிருந்தாலும் சாயங்காலத்துக்குள் புருவம், காது, மீசை எல்லாம் வெள்ளையாகிவிடும். இருபது வயதில் தொழிலுக்கு வந்தவர், இப்போது ஐம்பதை நெருங்குகிறார். அவருக்குத் தூக்கம் ஒரு பிரச்சினையாக இருந்ததே இல்லை. சாப்பிட்டுக் கையைத் துடைத்துத் துண்டை உதறுவதற்குள் குறட்டை கேட்கும்.

மனைவி டவுன் பஸ் டிரைவர். தெருவில் எல்லாருக்கும் டிரைவரம்மா. காக்கிச் சட்டையை மாட்டி, தலையை இறுக்கி முடிந்துகொண்டு டெப்போவுக்குக் கிளம்பினால் எதிர்க்கடை சைக்கிள்காரர்கூட எழுந்து நிற்பார். அந்தம்மா ஓட்டுவது காலை முதல் பஸ். ஆஸ்பத்திரி நர்சுகள், ஆபீஸ் கூட்டிப் பெருக்கும் பெண்கள், மார்க்கெட்டுக்குக் காய்கறிக் கூடை கொண்டுபோகிறவர்கள் எல்லாம் அந்த பஸ்ஸை நம்பித்தான் பொழுதைத் தொடங்குவார்கள்.

வினை ஒரு மழைநாளில் பிடித்தது. போனில் சார்ஜ் இறங்கி அலாரம் அடிக்காமல் போக, டிரைவரம்மா தாமதமாக எழுந்துவிட்டார். பஸ்ஸை எடுத்துக்கொண்டு போனபோது ஸ்டாப்பில் அத்தனை பேரும் நனைந்து நின்றார்கள். யாரும் திட்டவில்லை. ஒரு நர்சு மட்டும் படியேறும்போது, "நீங்களே இப்படிப் பண்ணிட்டீங்களேம்மா" என்றாள். அந்த 'நீங்களே' அந்தம்மா மனதில் முள்ளாக ஏறிவிட்டது.

அன்றிலிருந்து விளக்கு வைத்ததும் படுக்கைக்குப் போக ஆரம்பித்தார். சீக்கிரம் படுத்தால்தானே சீக்கிரம் எழலாம்? படுத்தால் தூக்கம் வரவில்லை. வரவில்லையே என்று இன்னும் முன்னாடி படுத்தார். அது இன்னும் தள்ளிப் போயிற்று. சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதும், இன்னும் இத்தனை மணி நேரம்தான் மிச்சம் என்று கணக்குப் போடுவதும், புரண்டு படுப்பதுமாக ராத்திரி கழிந்தது.

மெத்தைக்காரருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். பழைய மெத்தையைப் பிரித்து, பஞ்சை வெயிலில் காயவைத்து, புதிதாக அடித்துத் தைத்துக் கொடுத்தார். பலிக்கவில்லை. இலவம்பஞ்சில் பஞ்சுமிட்டாய் மாதிரி ஒன்று தைத்தார். அதுவும் பலிக்கவில்லை. மெத்தை மெதுவாக இருப்பதுதான் கோளாறோ என்று கெட்டியாக ஒன்று தைத்தார்.

"எப்படி இருக்கு?" என்று காலையில் ஆசையாகக் கேட்டார்.

"மெத்தைக்கு என்னங்க, நல்லாத்தான் இருக்கு. ராத்திரி பூரா முழிச்சிருந்து பாத்தேன், ஒரு குறை சொல்ல முடியல."

இது நடந்து கொஞ்ச நாளில், ஒரு நண்பகல் நேரம், டிரைவரம்மா யூனிஃபார்மோடு கடைக்குள் வந்து நின்றார். ட்யூட்டி முடிய இன்னும் நேரம் இருந்தது. மெத்தைக்காரர் மெஷினை நிறுத்தினார். காற்றில் பஞ்சு மட்டும் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

"என்னம்மா, பஸ் பிரேக்டவுனா?"

"பஸ்ஸுக்கு ஒண்ணுமில்ல. நான்தான் பிரேக்டவுன்." அந்தம்மா தரையில் கிடந்த மூட்டை மேல் உட்கார்ந்தார். "சாவியைக் கண்டக்டர்கிட்ட குடுத்துட்டு வந்துட்டேன்."

"என்ன சொல்ற நீ?"

"மார்க்கெட் ஸ்டாப்பு. தினம் நிக்கிற ஸ்டாப்பு. கண்ணு தொறந்துதான் இருந்துச்சு. ரோடும் தெரிஞ்சுது, ஜனமும் தெரிஞ்சுது. ஆனா நிறுத்தணும்னு தோணவே இல்லைங்க. தாண்டிப் போய்ட்டேன். கண்டக்டர் விசில் மேல விசிலா ஊதுறாரு, அது எங்கியோ பக்கத்துத் தெருவுல ஊதுறாப்பல கேக்குது. அப்புறம் திடுக்குன்னு ஒரு மிதி மிதிச்சேன். நின்னவங்க எல்லாம் ஒருத்தர் மேல ஒருத்தர் சாஞ்சுட்டாங்க. ஒரு பொம்பள முட்டைக் கூடை வச்சிருந்தா. பஸ்ஸுக்குள்ள நடக்க முடியல, அத்தனையும் மஞ்சக்கரு."

"யாருக்காச்சும் அடி?"

"இல்ல. கடவுள் புண்ணியத்துல இல்ல." கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். "ஆனா முன்னாடி ஒரு பொண்ணு கைக்குழந்தையோட ரோட்டைத் தாண்டிட்டிருந்தா. ரொம்பக் கிட்டங்க. அவ திரும்பிக்கூடப் பாக்கல. எனக்கு மட்டும்தான் தெரியும், எவ்வளவு கிட்டன்னு."

தெரு கேலி செய்ததற்கெல்லாம் ரோசப்பட்டோமே தவிர, பஸ்ஸுக்குள் இருக்கிற ஜனங்களை ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லையே என்று மெத்தைக்காரருக்கு வெட்கமாக இருந்தது.

"ஓரங்கட்டி நிறுத்திட்டு எறங்கிட்டேன். எல்லாரும் கத்துனாங்க. ஒருத்தர் கேக்குறாரு, 'என்னம்மா நடு ரோட்டுல விட்டுட்டுப் போற?'ன்னு. 'அய்யா, நான் தூங்கி எத்தனையோ நாளாச்சு, இதுக்கு மேல ஓட்டுனா பாவம்'னு சொன்னேன். அப்புறம் ஒருத்தரும் வாயத் தொறக்கல. நேரா மேனேஜர்கிட்ட போயி சொல்லிட்டேன்."

"அவர் என்ன சொன்னாரு?"

"சரியாகிட்டு வா, அதுவரைக்கும் ஸ்டியரிங்கைத் தொடாதேன்னாரு. திட்டுவாருன்னு நெனச்சேன். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்."

சொல்லிவிட்டு அந்தம்மா அழுதார். பஸ் ஓட்டப் பழகுகிறேன் என்று சொன்ன காலத்தில் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் வாய்க்கு வந்தபடி பேசியபோதுகூட அழாத மனுஷி. மெத்தைக்காரர் பஞ்சுக் கையாலேயே முதுகைத் தடவிக்கொடுத்தார். காக்கிச் சட்டையில் வெள்ளை வெள்ளையாகக் கைத்தடம் விழுந்தது.

சேதி கேட்டு மறுநாளே மெத்தைக்காரரின் அக்கா பெட்டியோடு வந்து இறங்கினார். தம்பி வீட்டில் யாருக்குத் தும்மல் வந்தாலும் அக்கா பஸ் ஏறிவிடுவார். சூடான பாலைக் கொடுத்தார். உள்ளங்காலில் எண்ணெய் தேய்த்தார். ஆட்டை எண்ணச் சொன்னார். "எண்ணினேன் அண்ணி. எண்ணி முடிச்சு, அதுங்களுக்குத் தண்ணி காட்டி, பட்டியில அடைச்சுட்டும் வந்துட்டேன். தூக்கம் வரல" என்றார் டிரைவரம்மா. காலேஜ் படிக்கிற மகள்தான் கடைசியில் கோபப்பட்டாள். "ஆளாளுக்கு வைத்தியம் பாத்தது போதும். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போப்பா."

டாக்டர் ஒரு பெண். அவசரப்படாமல் எல்லாவற்றையும் கேட்டார். எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், எத்தனை டீ, மூச்சுத் திணறல் உண்டா, மனதில் என்ன ஓடுகிறது என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். ரத்தம் எடுத்துப் பார்த்து, வேறு கோளாறு எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டார்.

"கட்டில்ல படுத்ததும் என்ன ஆகுது?"

"யாரோ உள்ளுக்குள்ள லைட்டைப் போட்டாப்பல ஆகுது டாக்டர். சேர்ல உக்காந்திருக்கும்போது கண்ணு சொக்குது. கட்டிலப் பாத்தா பயம் வந்துடுது."

"உங்க வீட்டுக்காரர் என்ன பண்றார்?"

மெத்தைக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "மெத்தை தைக்கிறேன்."

டாக்டர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டார். "நல்லதாப் போச்சு. இனிமே நீங்க மெத்தை மேல ஆளை ஏத்துறதை விட்டுட்டு, எறக்கப் பழகணும்."

பிறகு விவரமாகச் சொன்னார். "கட்டிலுக்குப் போனா முழிச்சுக்கணும்னு உங்க உடம்பு பழகி வச்சிருக்கு. அந்தப் பழக்கத்தை மாத்தணும். ராத்திரி பத்தரைக்கு முன்னாடி படுக்கவே கூடாது. படுத்தும் தூக்கம் வரலைன்னா அங்கயே பொரளாம எழுந்து வேற ரூமுக்குப் போயிடுங்க. சின்ன வெளிச்சத்துல சலிப்பான வேலை ஏதாவது பாருங்க. கண்ணு சொக்கினா மட்டும் திரும்பப் போங்க. எப்பத் தூங்கினாலும் சரி, தூங்காட்டியும் சரி, காலையில வழக்கமா முதல் பஸ்ஸுக்கு எழுந்திரிக்கிற நேரத்துல எழுந்துடணும். பகல்ல ஒரு நொடி கூடக் கண்ணசரக் கூடாது. வெயில்ல நடங்க. மத்தியானத்துக்கு மேல டீ வேண்டாம். அந்தக் கடிகாரத்தை ரூமை விட்டுத் தூக்குங்க."

"ஏற்கெனவே தூக்கமில்ல. இதுல இன்னும் குறைக்கச் சொல்றீங்களே?" என்றார் மெத்தைக்காரர்.

"பசி எடுக்கணும்ல? அரை வயிறா நாள் முழுக்கக் கொறிச்சுட்டே இருந்தா எப்படிப் பசிக்கும்? முதல்ல ரொம்பக் கஷ்டமா இருக்கும். இப்ப இருக்கிறதை விட மோசமாயிட்ட மாதிரி தோணும். அப்ப விட்டுடாதீங்க. அதுவரைக்கும் பஸ் பக்கமே போகக் கூடாது. வாரா வாரம் வாங்க, பாத்துப் பாத்து நேரத்தைக் கூட்டலாம்."

கடிகாரம் அக்கா வாங்கிக் கொடுத்தது. அதைக் கழற்றிக் கடையில் மாட்டியதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம். "என் கடிகாரமா முழிச்சிருக்கச் சொல்லுச்சு?" என்று இரண்டு வேளை சரியாகச் சாப்பிடவில்லை.

சலிப்பான வேலைக்குப் பஞ்சமில்லாத வீடு அது. பஞ்சில் விதை பொறுக்குவதைப் போல அலுப்பான வேலை உலகத்தில் கிடையாது. கடையை ஒட்டிய முன்னறையில் சின்ன விளக்கைப் போட்டு டிரைவரம்மா விதை பொறுக்க உட்கார்ந்தார். துணைக்கு உட்கார்ந்த மெத்தைக்காரர் பத்து விதை பொறுக்குவதற்குள் சாய்ந்துவிடுவார். தூக்கம் வராதவர் எழுந்து, தூங்கி விழுந்தவருக்குத் தலைக்கு மூட்டை வைத்துவிட்டு வந்து மறுபடி உட்காருவார்.

டாக்டர் சொன்னது போலவே முதல் நாட்கள் நரகம். டிரைவரம்மாவின் கண் குழி விழுந்தது. மகளின் மேல் எரிந்து விழுந்தார். சோற்றில் உப்பை இரண்டு தடவை போட்டார். பகலில் வீட்டில் தனியாக இருந்தால் படுத்துவிடுவோமோ என்று பயந்து கடைக்கு வந்து உட்கார்ந்தார். அங்கேதான் வந்தது பெரிய சோதனை. தூங்கக் கூடாது என்று கட்டளை வாங்கியவரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் புது மெத்தை.

"என்னங்க. ஒரே ஒரு நிமிஷம். தலையை மட்டும் வச்சுக்கிறேன். காலு தரையிலதான் இருக்கும்."

"கூடாதும்மா."

"உங்களுக்கு என்ன தெரியும்? நீங்க தூங்குற ஜாதி. ஊசியில நூல் கோக்குற நேரத்துல தூங்கிடுவீங்க. என் கஷ்டம் உங்களுக்குப் புரியுமா?"

"புரியாதுதான். அதுக்காக விட்டுடவா?"

"விடுங்க! நான் பஸ்ஸே ஓட்ட வேண்டாம். இங்கயே உக்காந்து உறை தைக்கிறேன். என்னைத் தூங்க மட்டும் விடுங்க!"

மெத்தைக்காரருக்கு மனசு கரைந்துவிட்டது. தான் தைத்த மெத்தையில் தன் பெண்டாட்டியைப் படுக்க விடாமல் இதென்ன பிழைப்பு என்று தோன்றியது. சரி, கொஞ்ச நேரம் படு என்று சொல்ல வாயெடுத்தார். அந்தம்மா மெத்தையின் ஓரத்தைப் பிடித்திருந்த கை கண்ணில் பட்டது. ஸ்டியரிங் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கை. இந்தக் கையா காலம் பூரா உறை தைக்கப் போகிறது?

எழுந்தார். விரித்துக் கிடந்த மெத்தைகளை ஒவ்வொன்றாக நிமிர்த்திச் சுவரோடு நிறுத்தினார். மூட்டைகளைக்கூட ஒன்றன்மேல் ஒன்றாக ஆள் உயரத்துக்கு அடுக்கினார். கடையில் குந்துவதற்குக்கூட இடமில்லாமல் செய்துவிட்டு, "செருப்பைப் போடு, நடப்போம்" என்றார்.

"இந்த வெயில்லயா?"

"இந்த வெயில்லதான்."

அந்தம்மா முறைத்தார். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டார். இருவரும் தெருக்கோடி வரைக்கும் போய், பாலம் ஏறி இறங்கி, மரக்கடை வழியாகத் திரும்பினார்கள். போகும்போது பேச்சே இல்லை. வரும்போது டிரைவரம்மா ஆட்டோக்காரர்கள் திரும்புகிற லட்சணத்தைத் திட்டிக்கொண்டே வந்தார். அவர் திட்டுவது காதுக்கு இனிமையாக இருந்தது.

இப்படியே தினமும் நடந்தார்கள். நடுவில் மெத்தை வாங்க வந்தவர், "ஏன் எல்லாத்தையும் நிக்க வச்சிருக்கீங்க, படுத்துப் பாக்க வேணாமா?" என்று கேட்க, "இந்தக் கடையில சாஞ்சுதான் பாக்கணும்" என்று சொல்லி அனுப்பினார் அக்கா.

எந்த நாளில் திருப்பம் வந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. விதை பொறுக்க எழுந்து வருவது குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் பத்தரை ஆவதற்குள் டிரைவரம்மா நின்றுகொண்டே தூங்கி விழப்பார்த்தார். மகளும் அக்காவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு கூடத்தில் நடக்க வைத்தார்கள். "விடுங்கடி, நான் படுக்கணும்" என்று அந்தம்மா கெஞ்ச, "இன்னும் கொஞ்சம்தான் அண்ணி பெத்த மகளே, பொறு" என்று அக்கா தூக்கக் கலக்கத்தில் உறவை மாற்றி உளற, மூன்று பேரும் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். டாக்டர் கேட்டுவிட்டு, இனிமேல் அரைமணி முன்னாடி படுக்கலாம் என்றார். பரீட்சையில் பாஸானது போல டிரைவரம்மா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தார்.

ஆனாலும் மெத்தைக்காரருக்கு நம்பிக்கை வரவில்லை. சின்னச் சத்தம் கேட்டால் கலைந்துவிடுமோ என்று வீட்டில் தட்டைக்கூட மெதுவாக வைக்கச் சொன்னார். அப்படியிருக்கும்போதுதான் அந்த மழை வந்தது.

சாதாரண மழை இல்லை. தகரக் கூரையின் மேல் கருங்கல் ஜல்லியைக் கொட்டுவது போல இறங்கியது. மெத்தைக்காரர் பதறி எழுந்து விளக்கைப் போட்டார், கரண்ட் இல்லை. மகள் டார்ச்சோடு ஓடிவந்தாள். கடைக்குள் தண்ணீர் ஏறி, பஞ்சு மூட்டைகள் நனையத் தொடங்கியிருந்தன. அக்காவும் எழுந்து வர, மூன்று பேருமாக மூட்டைகளை மேலே ஏற்றினார்கள். அடிமூட்டையைத் தூக்கும்போது அடுக்கே சரிந்து, தகர டின்கள் தடதடவென்று உருண்டன. அக்கா "ஐயோ!" என்று போட்ட சத்தம் சைக்கிள்கடை வரைக்கும் கேட்டிருக்கும். இடி வேறு.

"போச்சு! அவ எழுந்திருச்சிருப்பா" என்று மெத்தைக்காரர் தலையில் கைவைத்தார். இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் ஒரு மழையில் கரைந்ததே என்று நினைத்தபடி படுக்கையறைக்கு ஓடினார்.

மகள் டார்ச் அடித்தாள். டிரைவரம்மா ஒருக்களித்து, வாயைக் கொஞ்சம் திறந்து, கன்னத்துக்கடியில் கையை வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். கூரையிலிருந்து சொட்டிய தண்ணீர் கால்மாட்டில் போர்வையை நனைத்திருந்தது. அந்தம்மா காலை மட்டும் மடக்கி இழுத்திருந்தார், அவ்வளவுதான்.

"எழுப்பலாமாப்பா? நனையுறாங்க."

"எழுப்பினா கையை ஒடிச்சுடுவேன்" என்றார் மெத்தைக்காரர்.

மூன்று பேரும் கட்டிலின் மூலைகளைப் பிடித்தார்கள். நாலாவது மூலைக்கு ஆளில்லை. எதிர்க்கடையில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த சைக்கிள்காரரை மகள் போய்க் கூட்டிவந்தாள். அவர் முழங்கால் வரை நனைந்துவந்து நின்று, கட்டிலைப் பார்த்து, கையெடுத்துக் கும்பிடாத குறையாக நின்றார். நால்வரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கி, கதவு நிலையில் இடிக்காமல் சாய்த்து வாங்கி, நனையாத முன்னறை மூலைக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். வைக்கும்போது ஒரு கால் தரையில் டொக்கென்று பட்டது. டிரைவரம்மா, "ரைட், போலாம்" என்று முனகிவிட்டு மறுபக்கம் புரண்டு படுத்தார்.

அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார். மெத்தைக்காரர் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரிப்பா அழுகையா என்று அவருக்கே தெரியவில்லை. தண்ணீர் இறைப்பதும் பிழிவதுமாக விடியும் வரைக்கும் வீட்டில் ஒருவரும் கண்மூடவில்லை.

காலையில் டிரைவரம்மா சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்து, சுற்றிலும் பார்த்தார். "என்ன இது, எல்லாரும் பேயடிச்சாப்பல இருக்கீங்க? நான் எப்படி இங்க வந்தேன்? ஆமா, ராத்திரி மழையா?"

மறுவாரம் டாக்டர் சரியென்று சொன்னார். டெப்போவில் மூத்த டிரைவர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, காலி பஸ்ஸில் ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். திரும்பி வந்த மூத்தவர் மேனேஜரிடம், "இந்தம்மாவை எதுக்கு நான் பாக்கணும்? நான் போற வண்டியில என்னை இவங்க பாக்கச் சொல்லுங்க" என்றாராம்.

முதல் நாள் முதல் பஸ்ஸில் தானும் வருவேன் என்று மெத்தைக்காரர் பிடிவாதம் பிடித்தார். முந்தின ராத்திரி அவருக்குத்தான் தூக்கம் பிடிக்கவில்லை. புரண்டு புரண்டு படுத்து, ஒருவழியாக எழுந்து முன்னறைக்குப் போய், சலிப்பான வேலையாக விதை பொறுக்கலாம் என்று பார்த்தார். ஒரு விதைகூட மிச்சமில்லை.

இருட்டு பிரிவதற்கு முன் பஸ் கிளம்பியது. கண்டக்டர் மெத்தைக்காரரைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். டிரைவரம்மா கண்ணாடியைச் சரிசெய்து, கியரைப் போட்டு, வண்டியைப் பூப்போல நகர்த்தினார். முதல் ஸ்டாப்பில் ஏறிய பெண்கள், "வந்துட்டீங்களாம்மா!" என்று கத்தினார்கள். காய்கறிக் கூடைக்காரர் ஒருவர் ஒரு முள்ளங்கிக் கட்டை என்ஜின் மூடி மேல் வைத்துவிட்டுப் பின்னால் போனார். மார்க்கெட் ஸ்டாப்பில் வண்டி கோடு கிழித்தது போல நின்றது. கண்டக்டர் விசில் ஊதுவதற்குள் நின்றுவிட்டது. அங்கேயும் ஏறினார்கள்.

கொஞ்ச தூரம் போனதும் சத்தம் அடங்கியது. மெத்தைக்காரர் திரும்பிப் பார்த்தார். காலை ட்யூட்டிக்குப் போகிற நர்சுகள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்திருந்தார்கள். கூடைக்காரர்கள் கூடையைக் கட்டிக்கொண்டு தலையைத் தொங்கப்போட்டிருந்தார்கள். ஒரு குழந்தை அம்மா மடியில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. பஸ் முழுக்கத் தூங்கியது. எந்தக் கவலையும் இல்லாமல், தன் பெண்டாட்டி கையில் உயிரைக் கொடுத்துவிட்டு இத்தனை பேர் தூங்குகிறார்களே என்று அவருக்கு நெஞ்சு விம்மியது. முன்னால் டிரைவரம்மாவின் முதுகு நேராக இருந்தது. கண்ணாடியில் தெரிந்த கண்கள் இரண்டும் கழுவி வைத்தது போலத் தெளிவாக ரோட்டைப் பார்த்தன. அந்தக் கண்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மெத்தைக்காரரே! எழுந்திருங்க!"

திடுக்கிட்டு விழித்தார். வெளியே நல்ல வெயில். பஸ்ஸில் யாருமில்லை. டிரைவரம்மா பக்கத்தில் நின்று இடுப்பில் கைவைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"கடைசி ஸ்டாப்பு வந்து எவ்வளவு நேரமாச்சு தெரியுமா? உங்க குறட்டைக்கு டிக்கெட் கேக்குறாரு கண்டக்டர். எறங்குங்க, நான் அடுத்த டிரிப் எடுக்கணும்."